பன்னிரண்டாவது வாரம்

என் கையெழுத்து அழகானது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, செயலாளர் என் விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்கே! இனிமே வருகைப் பதிவேடு உங்க பொறுப்பு" என்றார். நானும் ஏதோ பட்டம் சூட்டிவிட்டதைப் போலப் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அந்த அழகான கையெழுத்தில்தான் மூன்று வருடமாக ஒருத்தியைப் பற்றிப் பொய் எழுதியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பதின்மூன்று தடவை. அது பொய் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கவாதம் வந்து கை, கால், பேச்சு என்று ஏதாவது ஒன்று போனவர்களைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ளும் சின்ன இல்லம் எங்களுடையது. பதினெட்டுப் பேர். காலை எட்டரைக்கு வேன் கூட்டி வரும், மாலை நாலரைக்குக் கொண்டுபோய் விடும். கீழே சாப்பாட்டு அறை, பயிற்சி அறை, மேலே ஆபீஸ். நுழைந்ததும் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: 'ஒவ்வொரு மனிதருக்கும் மரியாதை'. தினமும் அதைத் துடைப்பதற்கும் ஒரு ஆள் உண்டு. அந்த ஆளுக்கு நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தெரியும்.

ஏனென்றால் நிரந்தரம் நாங்கள் நாலு பேர்தான். செயலாளர், நர்ஸ், சமையல்காரர், நான். மீதி ஒன்பது பேரும் 'தேவைக்கு வருவோர்'. வேலை கொடுப்பதாக இல்லம் உறுதி சொல்லாது, கூப்பிட்டால் வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்போம். ஆறு மணிக்கு நான் மறுநாள் பட்டியலை எல்லாருடைய போனுக்கும் அனுப்புவேன். காலை ஏழு மணிக்கு, இன்றைக்கு நாலு நோயாளிகள் வரவில்லை என்று தெரிந்தால், இரண்டு பேருக்கு 'இன்று வேண்டாம்' என்று அனுப்புவேன். அந்த நேரத்துக்கு அவர்கள் பாதி வழியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். இறங்கித் திரும்பிப் போகவேண்டியதுதான்.

இந்த ஏற்பாடே அக்கிரமம் என்று நான் சொல்ல வரவில்லை. வேன் ஓட்டுகிற மாமாவுக்கு இது தேன். "இஷ்டப்பட்டா வருவேன், இல்லைன்னா போர்த்திக்கிட்டுத் தூங்குவேன். என்னைப் போய் நிரந்தரம் கிரந்தரம்னு கட்டிப் போட்டுடாதீங்கம்மா" என்பார். பயிற்சி அறைக்கு வரும் கல்லூரிப் பெண்ணுக்கும் பரீட்சை வந்தால் வரமாட்டேன் என்று சொல்ல முடிகிறது. அவர்கள் கேட்டு வாங்கிய சௌகரியம் அது. மற்ற ஏழு பேரும் கேட்கவில்லை. அவர்கள் தலையில் கட்டியது.

இப்போது பன்னிரண்டாவது வாரத்துக்கு வருகிறேன். ஒருவர் தொடர்ந்து பன்னிரண்டு வாரம் வேலை செய்துவிட்டால் நிரந்தரம் கேட்டு வழக்குப் போடலாம் என்று யாரோ ஒரு ஆலோசகர் செயலாளர் காதில் ஓதிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் பதினோரு வாரம் வந்தவரைப் பன்னிரண்டாவது வாரம் கூப்பிடக் கூடாது. பட்டியலில் பெயர் போடாமல் விட்டுவிட வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. பதிவேட்டில் 'வராததன் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன எழுதுவது? "சொந்த விருப்பம்னு போட்டுடுங்க" என்றார் செயலாளர். போட்டேன். அந்த வாரத்துக்கு நானே ஒரு பெயரும் வைத்தேன், 'ஓய்வு வாரம்' என்று. பாவம், ஓயாமல் உழைக்கிறார்கள், ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டுமே என்று மனசுக்குள் ஒரு நல்லெண்ணம் வேறு. என் நல்லெண்ணத்தில் இடி விழ.

அந்த ஏழு பேரில் ஒருத்திக்கு நாங்கள் வைத்த பெயர் நிதானம். எதற்கும் அவசரப்படமாட்டாள். பக்கவாதக்காரர்களுக்குச் சாப்பாடு ஊட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தொண்டை சரியாக வேலை செய்யாது. ஒரு கரண்டியை அவசரமாகத் தள்ளினால் மூச்சுக்குழாய்க்குள் போய் ஆளே போய்விடும். நிதானம் ஒரு வாய் ஊட்டிவிட்டு, அது இறங்குகிற வரைக்கும் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "அவசரமில்ல, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கணக்கு வாத்தியார் ஒருவர் வருவார். பேச்சு போய், 'இல்ல' என்ற ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் இருக்கிறது. வேறு யார் கரண்டியை நீட்டினாலும் "இல்ல" என்று வாயை இறுக்கிக்கொள்வார். அவளைப் பார்த்தால்தான் வாய் திறக்கும்.

முதல் தடவை அவளுக்கு ஓய்வு வாரம் விட்டபோது, மூன்றாம் நாள் இல்லத்து வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "நான் என்னக்கா தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். "ஒரு தப்பும் இல்லடி. ஜாலியா வீட்ல இரு. அடுத்த வாரம் கூப்பிடறேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அப்புறம் ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவளுடைய தங்கை இறந்துபோனாள். தங்கைக்கு ஒரே பெண் குழந்தை. அப்பன் எப்போதோ கம்பி நீட்டியவன். குழந்தையைக் குழந்தைகள் காப்பகத்தில் வைத்துவிட்டார்கள். தூக்கிக்கொண்டு வர நிதானம் அன்றைக்கே ஓடினாள். "வீடு வேணும், நிலையான வேலை வேணும், அதுவரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பார்த்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு அறை வீடு ஒன்றைப் பிடித்து, குழந்தைக்கு ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டாள். அந்தக் கட்டிலில் யாரும் படுத்ததில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஆபீஸுக்கு ஏறி வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"சார், ஒரு லெட்டர் வேணும்" என்றாள் செயலாளரிடம். "பாப்பாவுக்கு அடுத்த மாசம் எட்டு வயசு. அந்தக் காப்பகத்துல எட்டு வயசு வரைக்கும்தான் வெச்சுப்பாங்களாம். அதுக்கு மேல வேற ஊர்ல இருக்கிற பெரிய ஹாஸ்டலுக்கு அனுப்பிடுவாங்களாம். பத்து மணி நேரம் ரயில். வியாழக்கிழமை விசாரணை. எனக்கு நிலையான வேலை இருக்குன்னு இங்க இருந்து ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா என்கிட்டயே விட்டுடுவாங்க."

செயலாளர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் கடுப்பு. குரலை உயர்த்தமாட்டார், கடைசி ஆளாகத்தான் சாப்பிடுவார். அப்போதும் முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு, "அய்யோ, குழந்தையை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கும்மா. ஆனா நிலையான வேலைன்னு எப்படி எழுதறது? நீ தேவைக்கு வர்ற ஆள்தானே?" என்றார்.

"மூணு வருஷமா வாரத்துக்கு அஞ்சு நாள் வர்றேனே சார்."

"வர்றே. இல்லைன்னு சொல்லலை. ஆனா எழுதிக் குடுத்தா அது பின்னாடி நிறுவனத்துக்குச் சிக்கலாயிடும். நமக்கு நிதி ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருது. நாம எல்லாம் ஒரே குடும்பம், நீயே புரிஞ்சுக்கணும்."

குடும்பமாம், குடும்பம்! என் வாய் சும்மா இருக்குமா? "எந்தக் குடும்பத்துல சார், 'இன்னைக்கு நீ வேண்டாம், பஸ்ஸை விட்டு எறங்கு'ன்னு சொல்லுவாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "நீங்களே இப்படிப் பேசினா எப்படி? சின்ன நிறுவனம் நாம" என்றார். இதுதான் எங்கள் இல்லத்தின் சர்வரோக நிவாரணி. எதைக் கேட்டாலும் சின்ன நிறுவனம். சின்ன நிறுவனம் என்றால் பெரிய அநியாயம் செய்யக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லையே! அவரே தட்டச்சு செய்து ஒரு லெட்டர் கொடுத்தார். ஒரே வரி. 'இவர் எங்கள் இல்லத்தில் தேவைப்படும்போது மட்டும் வந்து செல்பவர்.' நிதானம் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து, "நன்றி சார்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய், கணக்கு வாத்தியாருக்கு அரைத்த சாப்பாட்டை ஊட்டினாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மதியம் பூராவும் பதிவேடுகள் இருந்த அலமாரியையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அதிபுத்திசாலித்தனமான யோசனை வந்தது. லெட்டர் கிடக்கட்டும், பதிவேடு இருக்கிறதே! மூன்று வருடம், வாரத்துக்கு ஐந்து நாள், கட்டம் கட்டமாக அவள் கையெழுத்து. அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? செயலாளர் வெளியே போன நேரம் பார்த்து அவள் பெயர் வரும் பக்கங்களையெல்லாம் நகல் எடுத்தேன். வரிசையாக அடுக்கி, கிளிப் போட்டு, கெட்டி அட்டைக்குள் வைத்து அவளிடம் கொடுத்தேன்.

"இதைக் கொண்டுபோய் மேஜையில வை. யாரு என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்" என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதே அக்கா?"

"எனக்கு என்னடி ஆகப்போகுது? நானும் வர்றேன் உன்கூட."

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். குழந்தைகள் நல அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. வெளியே ஒரு பெஞ்சு. சுவர் பூராவும் குழந்தைகள் வரைந்த படங்கள், எல்லாப் படத்திலும் ஒரு வீடு. உள்ளே மேஜை நிறைய நாடா கட்டிய கோப்புகள். அலுவலர் என் வயதுக்காரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

முதலில் செயலாளரின் லெட்டரைப் படித்தார். உதட்டைப் பிதுக்கினார். உடனே நான், "அது சும்மா மேடம், இதைப் பாருங்க" என்று என் அட்டையைத் தள்ளினேன். ஏதோ நானே ஜெயித்துவிட்ட தோரணை எனக்கு.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் முகம் இளகுவது எனக்கே தெரிந்தது. "தவறாம வந்திருக்கீங்களே" என்றார் நிதானத்திடம். நான் அவள் தொடையில் இடித்தேன். அப்புறம் அவர் ஒரு பக்கத்தில் நின்றார். பின்னால் போனார். முன்னால் வந்தார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை முழுசா ஒரு வாரம் வேலைக்குப் போகலையே. என்ன பண்ணுவீங்க அந்த வாரம்?"

"அவங்க கூப்பிட மாட்டாங்க மேடம்" என்றாள் நிதானம்.

"கூப்பிடலையா? இங்க 'சொந்த விருப்பம்'னு தெளிவா எழுதியிருக்கே. ஒவ்வொரு தடவையும்."

நிதானத்துக்குப் புரியவில்லை. அந்தக் கட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. அவள் கையெழுத்துப் போடுகிற கட்டம் இடது பக்கம், காரணம் எழுதுகிற கட்டம் வலது பக்கம். பதிவேட்டை நான் எப்போதும் பாதி மூடித்தான் நீட்டுவேன், அடுத்தவர் விவரம் தெரிய வேண்டாம் என்று.

அலுவலர் அத்தோடு விடவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு கோப்பைப் பிரித்தார். காப்பகத்தில் பார்வையாளர் எழுதும் நோட்டின் நகல். விரலை வைத்து ஒவ்வொரு தேதியாக ஒத்துப் பார்த்தார். அவர் விரல் நிற்கிற இடமெல்லாம் எனக்குத் தெரிந்தது.

"இந்த ஒன்றரை வருஷத்துல ஆறு சனிக்கிழமை நீங்க குழந்தையைப் பார்க்க வரலை. அந்த ஆறும் இதே வாரங்கள்தான். காப்பகத்துல எழுதியிருக்காங்க, 'பெரியம்மா வரவில்லை, குழந்தை மதியம் வரை ஜன்னலை விட்டு வர மறுத்தாள்'னு." அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "அம்மா, நான் உங்களைத் தப்பாச் சொல்லலை. ஆனா மூணு மாசத்துக்கு ஒருக்கா விருப்பப்பட்டு வேலையையும் விட்டு, குழந்தையையும் விட்டு ஒரு வாரம் எங்கேயோ போயிடற ஒருத்தங்களை நம்பி நான் எப்படிக் குழந்தையைக் குடுக்கறது?"

நிதானம் மெதுவாக, "லாண்டரிக்குப் போவேன் மேடம்" என்றாள். "இல்லத்துல கூப்பிடாத வாரம் வீட்டு வாடகைக்கு என்ன பண்றது? லாண்டரியில முழு வாரமா வந்தாத்தான் எடுப்பாங்க. சனிக்கிழமையும் சேர்த்து. அதனாலதான் பாப்பாவைப் பார்க்க…"

"அப்போ இது யாரு எழுதினது?" என்றார் அலுவலர்.

நிதானம் என்னைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கிற பார்வை இல்லை அது. குற்றம் சாட்டுகிற பார்வையும் இல்லை. நிஜமாகவே தெரியாமல், யாரக்கா எழுதியிருப்பாங்க என்று கேட்கிற பார்வை. அவளுக்கு இன்னமும் என்மேல் சந்தேகம் வரவில்லை. அதைத் தாங்க முடியவில்லை எனக்கு. செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நான்தான் மேடம்" என்றேன். "என் கையெழுத்து. அது பொய்."

"பொய்யா?"

"சுத்தப் பொய். அவ ஒருநாளும் வரமாட்டேன்னு சொன்னதில்லை. பதினோரு வாரம் ஆனதும் நான்தான் பட்டியல்ல பேரை எடுத்துடுவேன். அப்படிப் பண்ணினா அவ நிரந்தரம் கேட்க முடியாதாம். காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல என்னத்தையாவது எழுதணும்னு இதை எழுதினேன். மூணு வருஷமா எழுதியிருக்கேன். இவளுக்கு மட்டுமில்ல, ஏழு பேருக்கு."

நிதானம் என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இப்போ சொன்னதை எழுதித் தர்றீங்களா? பேரு, பதவி, தேதியோட. உங்க வேலைக்கு ஆபத்து வரலாம், யோசிச்சுக்கங்க."

"யோசிக்காம எழுதித்தான் மேடம் இந்த நிலைமை" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன். அன்றைக்கு என் கையெழுத்து கோணல்மாணலாக வந்தது.

அலுவலர் படித்துவிட்டு, இது ஒன்று மட்டும் போதாது என்றார். பதிவேட்டில் இருப்பது தவறு என்று நிறுவனத் தலைமையும் எழுதித் தர வேண்டும், இனி இவருக்கு வாரத்தில் எந்தெந்த நாள் வேலை என்பதும் அதில் இருக்க வேண்டும், பத்து நாள் அவகாசம். இல்லாவிட்டால் ஹாஸ்டல் ரயில்தான்.

வெளியே வந்து படி இறங்கினோம். கடைசிப் படியில் நிதானம் நின்றாள். "நான் ஏதோ தப்பு பண்றேன், அதான் அந்த வாரம் கூப்பிட மாட்டேங்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் அக்கா" என்றாள். "ஒவ்வொரு தடவையும் ராத்திரி வீட்ல உட்கார்ந்து யோசிப்பேன். கரண்டியை வேகமா வெச்சுட்டேனா, யாருகிட்டயாவது முகத்தைக் காட்டிட்டேனான்னு." அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. பஸ்ஸில் எனக்கு அடுத்த இருக்கை காலியாக இருந்தும் நாலு வரிசை தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் நேராகச் செயலாளர் அறைக்குள் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

"குடும்பத்தையே காட்டிக் குடுத்துட்டீங்களே" என்றார்.

"குடும்பம்ங்கற வார்த்தையை இன்னொரு தடவை சொல்லாதீங்க சார், எனக்கு நல்ல வாய் இல்லை" என்றேன். "குடும்பத்துல இருந்து ஒரு குழந்தையை நாம பிரிச்சு வெச்சிருக்கோம். ஆறு சனிக்கிழமை அது ஜன்னல்ல நின்னிருக்கு. இங்க சுவர்ல மரியாதைன்னு எழுதித் துடைச்சுக்கிட்டு இருக்கோம்!"

"நிதி இல்லைன்னா நான் என்ன பண்ணட்டும்? எல்லாரையும் நிரந்தரம் ஆக்கினா அடுத்த வருஷம் கதவை இழுத்து மூட வேண்டியதுதான். அந்தப் பதினெட்டுப் பேர் எங்க போவாங்க?"

"எல்லாரையும் நிரந்தரம் ஆக்குங்கன்னு யாரு கேட்டா? வேன் மாமாவைக் கூப்பிட்டுக் கேளுங்க, காலைப் பிடிச்சுக் கெஞ்சினாலும் வேண்டாம்னுதான் சொல்வாரு. அவரை அப்படியே விடுங்க. வேணும்கிறவங்களைக் கேளுங்க சார், அதைத்தான் சொல்றேன். மூணு வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கோமா? வாரத்துல நாலு நாளாவது அவ இல்லாம இங்க ஓடாதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓடற வேலையைத் தாள்ல எழுதினா எந்த நிதி குறையப் போகுது? பட்டியலை ஒரு வாரம் முன்னாடியே போட்டா என்ன குறையும்? காலையில கிளம்பினதுக்கு அப்புறம் வேண்டாம்னா அன்னைக்கு வந்ததா வெச்சுக்கிட்டா என்ன? ஒருத்தரைக் கூப்பிட முடியலைன்னா 'முடியலை'ன்னு நேரா சொல்லலாம் இல்லை? நம்மகிட்ட ஆள் கம்மி, நிதி கம்மி, எல்லாம் சரி. பொய்யும் கம்மியா இருந்திருக்கலாமே!"

கீழேயிருந்து நர்ஸ் குரல் கேட்டது. முந்தின நாள் நான் லீவு என்பதால் பட்டியல் செயலாளர் கையில் இருந்தது; ஆள் குறைவு என்று காலை ஏழு மணிக்கு நிதானத்தின் பெயரை அவரே நீக்கியிருந்தார். கணக்கு வாத்தியார் வாயைத் திறக்கவில்லையாம். செயலாளரே இறங்கிப் போய்க் கரண்டியைப் பிடித்தார். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். "இல்ல" என்றார் வாத்தியார். செயலாளர் மறுபடி நீட்டினார். "இல்ல." முக்கால் மணி நேரம் போனது, செயலாளர் சட்டையில் பாதிச் சாப்பாடு இருந்தது. வாத்தியார் வயிற்றில் ஒன்றும் இல்லை.

அதைப் பார்த்து அவர் மனம் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியெல்லாம் நடக்கிறதில்லை. அசல் பதிவேட்டைக் கேட்டு அலுவலகத்திலிருந்து திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. அதன் நகல் எங்களுக்கு நிதி கொடுக்கிறவர்களுக்கும் போகும் என்று அடியில் எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை செயலாளர் அலுவலர் கேட்ட தாளில் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டில் உள்ள காரணம் தவறானது. இவருக்கு இனி வாரம் நாலு நாள் நிலையான வேலை. சனி, ஞாயிறு விடுமுறை. மற்ற ஆறு பேரையும் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்பதாகவும் ஒரு வரி. பயத்தில் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான். புதன்கிழமை எனக்கும் ஒரு லெட்டர் வந்தது. நிறுவன ஆவணங்களை அனுமதியின்றி நகல் எடுத்த காரணத்தால், மாதக் கடைசியோடு என் சேவை தேவையில்லை. அதில் மட்டும் காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதியிருந்தார்கள்.

என்னை வரச் சொல்லி நிதானம் போன் செய்தபோது நான் நம்பவில்லை. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். "நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வரப் போறேன். நீங்களும் வாங்க" என்றாள்.

காப்பகத்து முன்னறையில் காத்திருந்தோம். அலுவலர் வந்து ஆறு மாத சோதனைக் காலத்துக்கான தாளில் கையெழுத்து வாங்கினார். நிதானம் ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல் போட்டாள். அப்புறம் உள்ளேயிருந்து குழந்தை வந்தாள். முன்பல் இரண்டு இல்லை. தோளில் பை. ஓடிவந்து பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

பிறகுதான் என்னைப் பார்த்தாள். "இது யாரு பெரியம்மா?"

"என்கூட வேலை பார்க்கிற அக்கா."

"லீவு எழுதற அக்காவா?"

நிதானம் தரையைப் பார்த்தாள். சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் எப்படி? ஆறு சனிக்கிழமைக்குக் குழந்தைக்கு ஒரு பதில் வேண்டாமா? நானே வாய் திறந்தேன். "ஆமா கண்ணு. நான்தான்."

"எங்க பெரியம்மா என்ன தப்பு பண்ணினாங்க?"

கேட்டுக்கு வெளியே நின்று நிதானம் என்னிடம் கேட்ட அதே கேள்வி. அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்கு அந்தக் குழந்தைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

"ஒரு தப்பும் பண்ணலை. தப்பு பண்ணினது நான்" என்றேன்.

நெற்றியைச் சுருக்கி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ உங்களுக்குத்தானே லீவு போடணும்?"

"போட்டுட்டாங்க கண்ணு" என்றேன்.